கட்டிலருகே ஒரு சீருடை

2018ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். இரவு பத்தே முக்கால் மணிக்குத் தம்பியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் தம்பி இல்லை, முன்பின் தெரியாத ஒரு மலாய் இளைஞர். தம்பி மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டதாகவும், அம்புலன்ஸ் வந்துவிட்டதாகவும் சொன்னார். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் ஏதோ சாக்கு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் ஒன்று அது. அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள். உயிருக்குப் போராடுகிறவர்கள் சிவப்பில், காத்திருக்கக் கூடியவர்கள் பச்சையில். தம்பி மஞ்சளில் கிடந்தான். இடது கால் எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் கட்டு, சட்டையெல்லாம் இரத்தம். பக்கத்துக் கட்டிலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்க்காரர் கால் உடைந்து முனகிக்கொண்டிருந்தார். தம்பியின் மோட்டார் சைக்கிள் மோதியது அவருடைய மோட்டார் சைக்கிளில்தான். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு துணித் திரை மட்டும். அதையும் யாரோ பாதி விலக்கி விட்டிருந்தார்கள்.

தம்பியின் கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கையில் குறிப்புப் புத்தகம். முரட்டுத்தனமாக எதுவும் பேசவில்லை. "அடிக்" என்று தம்பியை அன்பாகத்தான் கூப்பிட்டார். எப்படி நடந்தது, எவ்வளவு வேகம், எதிரே விளக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து, அவரும் தம் கேள்விகளைத் தொடங்கினார். ஒவ்வாமை உண்டா? ஏதாவது நோய் இருக்கிறதா? தினமும் மருந்து சாப்பிடுகிறீர்களா? விழுவதற்கு முன்பு மயக்கம் வந்ததா?

தம்பி ஒரு முறை போலீஸ்காரரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஒன்றும் இல்லை" என்றான்.

அது பொய். பதினைந்து வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. தாமானில் யாருக்கும் தெரியாமல் அம்மா கட்டிக் காத்த இரகசியம் அது. வேலையிடத்தில் தெரியாது. ஓட்டுநர் உரிமம் எடுத்தபோதும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை என்பதால் மருந்தைக் குறைத்துக்கொண்டிருந்தான். விழுவதற்கு முன்பு கண் இருட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னால் உரிமம் போகும், வேலை போகும், தவறு முழுவதும் தன் தலையில் விழும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டான்.

எனக்கும் எல்லாம் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, "என் பெயர் மட்டும் வேண்டாம் அக்கா" என்றான். அதனால் பெயர் இல்லை.

போலீஸ் அங்கே ஏன் இருக்கிறது?

நம் நாட்டின் பெரிய அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் "பொண்டோக் போலீஸ்" என்ற சிறு சாவடி இருக்கும். அதைக் கண்டாலே நம்மில் பலருக்கு வயிற்றில் ஒரு கலக்கம். காவலில் இறந்த பிள்ளைகளின் பெயர்களை மறக்காத சமூகம் நாம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சாவடி காயம்பட்டவர்களுக்கும் தேவைப்படுகிறது. 2019இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். காப்புறுதி கேட்கப் போனால் முதலில் கேட்பது போலீஸ் புகாரைத்தான். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்துக்கு சொக்சோ இழப்பீடு கோரும்போதும் அந்தப் புகாரின் நகல் வேண்டும். கால் உடைந்து கிடப்பவரைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் அவரிடம் வர வேண்டும்.

பக்கத்துக் கட்டில் பாக்சிக்கை நினைத்துப் பாருங்கள். அவர் பக்கம் தவறு இல்லை. அவரை மோதியவன் யார், ஏன் மோதினான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. யாராவது அவருக்காகக் கேட்டாக வேண்டும். அந்தப் போலீஸ்காரர் அவருக்காகவும்தான் நின்றிருந்தார்.

ஆகவே போலீஸ் மருத்துவமனைக்கு வரலாமா என்பது என் கேள்வியல்ல. மருத்துவர் நோயாளியிடம் நோயைப் பற்றிக் கேட்கும் அந்த ஐந்து நிமிடம், அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதே என் கேள்வி.

ஒரு ஊசியின் தூரம்

மருத்துவர் குறித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி தட்டில் ஊசி மருந்தோடு வந்தார். ஐம்பது வயதை நெருங்கும் தமிழ்ப் பெண்மணி. வலி குறைய ட்ரமடோல் போடப் போவதாகச் சொன்னார்.

அந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருந்தேன். தம்பிக்குப் பல் பிடுங்கியபோது, வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, வலிப்பைத் தூண்டிவிடக் கூடும் என்று மருந்தகத்தில் எச்சரித்திருந்தார்கள். என் கை தானாக நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னம்மா?" என்றார்.

போலீஸ்காரர் இரண்டடி தள்ளி நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் பாக்சிக்கின் மனைவி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "டாக்டரைத் தனியாகப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மருத்துவரை அழைத்து வந்தார். மருத்துவர் போலீஸ்காரரிடம் மலாயில், "என்சிக், பத்து நிமிடம் வெளியே இருங்கள். நான் பரிசோதித்து முடித்ததும் கூப்பிடுகிறேன்" என்றார். அவரும் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். எந்த வாக்குவாதமும் இல்லை. அவ்வளவு எளிதாக நடந்ததைப் பார்த்து நான் வியந்துபோனேன்.

தாதி திரையை இழுத்து மூடினார். மருத்துவர் குனிந்து குரலைத் தாழ்த்தி, "நீங்கள் என்னிடம் சொல்வது உங்கள் சிகிச்சைக்காக. போலீஸ் தன் கேள்விகளைத் தனியாகக் கேட்கும்" என்றார். தம்பி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஊசி மாறியது, மருந்து மாறியது, தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அவனுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. அவர்கள் தயாராக இருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

அந்தத் தாதி என் கையை உதறிவிட்டு ஊசியைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. யோசிக்கவும் விரும்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தம்பி தேறிய பிறகு, இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேகம் வந்தது. நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி கூறுகிறது. ஆனால் அந்தக் கடமைக்கு விலக்குகள் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தினால் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும் ஆபத்து நேரும் என்றால் சொல்லலாம். கொலை, கொள்ளை போன்ற கடுங்குற்றங்களைப் பற்றி அறிந்தவர்கள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. இது மருத்துவருக்கும் பொருந்தும். குழந்தை அடித்துத் துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி மருத்துவர் சமூகநலப் பாதுகாவலருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பேச முடியாத பிள்ளைக்காகப் பேசும் இந்த விலக்கை யாரும் குறை சொல்ல முடியாது.

போலீஸ் விசாரணையில் வாக்குமூலம் வாங்குவது 112ஆவது பிரிவின் கீழ். கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலைச் சொல்ல மறுக்கலாம். எழுதிய வாக்குமூலத்தை, நாம் பேசிய மொழியில் நமக்குப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இரத்தம் வழிய, வலியில் துடித்துக்கொண்டு கிடப்பவரால் இதில் எதைச் சரிவரச் செய்ய முடியும்?

எனக்கு மிகவும் பிடித்தது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கும் ஓர் ஏற்பாடு. மது அருந்தி ஓட்டினாரா என்று அறிய மூச்சு, இரத்த மாதிரிகளைக் கேட்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. 2020 அக்டோபரில் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்து, தண்டனையையும் கடுமையாக்கினார்கள். ஆனால் அந்த ஓட்டுநர் மருத்துவமனையில் நோயாளியாக இருந்தால், அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அனுமதிக்காமல் மாதிரி கேட்க முடியாது. குடித்துவிட்டு ஓட்டியவருக்குக்கூட முதலில் சிகிச்சை, பிறகுதான் விசாரணை. அந்தக் கதவின் சாவி மருத்துவரிடம் இருக்கிறது.

ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் மருத்துவமனையில் இருக்கும் உங்கள் விவரங்களுக்குக் கிடைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, அரசாங்க மருத்துவமனையில் இருக்கும் விவரங்களுக்குக் கிடையாது. நம் மக்களில் பலர் போவது எங்கே என்று உங்களுக்கே தெரியும். அங்கே நம்மைக் காப்பது மருத்துவரின் மனசாட்சியும் தாதியின் கைவசம் உள்ள அந்தத் திரையும்தான்.

நம்மிடமே இருக்கும் நல்ல வழி

இதைச் சரியாகச் செய்ய நம் நாட்டுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரே இடத்தில் எல்லா உதவியும் கிடைக்கும் நெருக்கடி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஓ.எஸ்.சி.சி. என்பார்கள். 1996இல் மற்ற அரசாங்க மருத்துவமனைகளிலும் அதை அமைக்கும்படி சுகாதார அமைச்சு பணித்தது.

கணவனிடம் அடிவாங்கி வரும் பெண், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்றவர்களை எல்லார் முன்னிலையிலும் உட்கார வைக்காமல் தனி அறைக்கு அழைத்துப் போவார்கள். மருத்துவர் அங்கே வருவார், ஆலோசகர் வருவார், போலீசும் அங்கேயே வந்து புகாரைப் பதிவு செய்யும். ஒவ்வொரு முகப்பிலும் நின்று அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் இது ஏட்டில் உள்ளபடியே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் போலீசும் தனிமையும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஓர் அறையும் ஓர் ஒழுங்கும் இருந்தால் போதும். அடிபட்டு வரும் மற்றவர்களுக்கும் அந்த ஒழுங்கை ஏன் நீட்டக் கூடாது?

வராமலே போகிறவர்கள்

கட்டிலருகே சீருடை நிற்கும் என்ற பயத்தில் மருத்துவமனைக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்று தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு நெடுங்காலம் சொல்லி வந்தது. பிழைத்து எழுந்தவர் கண் விழித்ததும் விசாரணையைச் சந்திக்க வேண்டும். அந்தப் பயத்தில் எத்தனையோ குடும்பங்கள் "தவறிக் குடித்துவிட்டாள்" என்று மருத்துவரிடம் பொய் சொன்னதை நம் தாமான்களில் கேட்டு வளர்ந்தவள் நான். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்ற உண்மை தெரியாமல் மருத்துவர் எப்படிக் காப்பாற்றுவார்? 2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. இனி மறைக்க வேண்டியதில்லை. இது இன்னும் நம் வீடுகள் பலவற்றுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். மனம் உடைந்திருப்பவர்கள் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.

ஆவணம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மாறவில்லை. ஆவணமற்ற வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்ற சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001இல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் சகோதரர்களில், அனுமதி காலாவதியானவர்களும் இதில் அடங்குவார்கள். 2020இல் கோவிட் பரவிய நேரத்தில், பரிசோதனைக்கு வர அஞ்ச வேண்டாம் என்று மார்ச் மாதம் அரசாங்கம் சொன்னது. மே 1ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். அடுத்த முறை "பயப்படாமல் வாருங்கள்" என்று அழைத்தால் யார் நம்புவார்கள்? தொற்று நோய்க்குக் கடப்பிதழ் தெரியாது. அவர்கள் மறைந்திருந்தால் ஆபத்து நமக்கும்தான்.

பெயரைச் சொல்லாமலே குற்றத்தைக் குறைத்த நகரம்

"இரகசியம், இரகசியம் என்று பேசினால் குற்றவாளிகளை எப்படிப் பிடிப்பது?" என்று என் மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதில் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறது.

ஜோனதன் ஷெப்பர்ட் அங்கே முகத் தாடை அறுவை மருத்துவர். அடிதடியில் தாடை உடைந்து வருகிறவர்களில் பலரைப் பற்றிப் போலீசுக்கு எதுவுமே தெரிவதில்லை என்பதை அவர் கவனித்தார். அதற்காக நோயாளிகளின் பெயர்களைப் போலீசிடம் கொடுக்கவில்லை. எந்த இடத்தில் அடி விழுந்தது, எத்தனை மணிக்கு, என்ன ஆயுதம் என்பதை மட்டும் அவசரப் பிரிவில் கேட்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுப் பகிர்ந்தார்கள். எந்தத் தெருவில், எந்த மதுக்கூட வாசலில், எந்த நேரத்தில் அடிதடி நடக்கிறது என்று போலீசுக்குத் தெரிந்தது. ரோந்தை அதற்கேற்ப மாற்றினார்கள். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களைவிட, வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை 42 விழுக்காடு குறைவாக இருந்தது. போலீசுக்குத் தேவையானது கிடைத்தது. நோயாளியின் பெயர் மருத்துவமனையிலேயே இருந்தது.

எல்லா நாட்டிலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. 2017 ஜூலையில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், விபத்தில் தீக்காயம்பட்டு நினைவிழந்து கிடந்த லாரி ஓட்டுநரிடமிருந்து இரத்தம் எடுக்க ஒரு போலீஸ் துப்பறிவாளர் வந்தார். அந்த ஓட்டுநர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நோயாளியின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல், கைதும் செய்யப்படாதவரிடம் இரத்தம் எடுக்க முடியாது என்று அலெக்ஸ் வபல்ஸ் என்ற தாதி மருத்துவமனையின் விதியைப் படித்துக் காட்டினார். அவரைக் கைவிலங்கிட்டு வெளியே இழுத்துச் சென்றார்கள். காணொளி உலகம் முழுவதும் பரவியது. துப்பறிவாளர் வேலையிழந்தார். தாதிக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. அந்தக் காணொளியைப் பார்த்தபோதெல்லாம், பேச்சில்லாமல் திரையை இழுத்து மூடிய நம் தமிழ்த் தாதி எனக்கு நினைவுக்கு வருவார்.

நம் பங்கும் உண்டு

போலீசை மட்டும் சொல்லி என்ன பயன்? அன்றிரவு நான் மருத்துவமனையை அடைவதற்கு முன்பே, சாலையோரம் இரத்தத்தில் கிடந்த தம்பியின் படம் எங்கள் தாமான் புலனக் குழுவுக்கு வந்துவிட்டது. நான் மறைத்து வைத்த செய்தியை அம்மா அந்தப் படத்தில்தான் பார்த்தார். அனுப்பியவர் நல்லவர்தான். "யார் பிள்ளை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். அம்மா அந்தப் படத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் வார்டில் பார்வை நேரத்தில் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படி விழுந்தே?" "குடிச்சிருந்தியா?" "போலீஸ் என்ன சொல்லுது?" போலீஸ்காரர் கேட்டதைவிட அதிகக் கேள்விகள். பழத்தை வைத்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டுப் போனாலே போதும் என்று நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

இப்படி ஒரு நாள் யாருக்கும் வரக் கூடாது. வந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டது உங்களுக்கு உதவட்டும். நோய், மருந்து, மது எதுவானாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், "தனியாகச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் பேச வந்தால் மரியாதையாகப் பெயரையும் நிலையத்தையும் கேட்டு, அதிகார அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்துப் புகாருக்கான 24 மணி நேரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். படுத்திருப்பவருக்காகக் குடும்பத்தினர் நிலையத்துக்குப் போய்ச் சொல்வது வழக்கத்தில் இருக்கிறது.

பாக்சிக் வீட்டு வாசல்

தம்பி தப்பித்துக்கொண்டானா என்று கேட்பீர்கள். இல்லை.

மருத்துவர் அவனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இதை நான் போலீசிடம் ஓடிப்போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இனிமேல் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. மீறி ஓட்டினால், மற்றவர்களின் உயிருக்காக நான் சொல்ல வேண்டி வரும்." மிரட்டல் போல இல்லை, அக்கா சொல்வது போல இருந்தது என்றான் தம்பி.

நான்காம் நாள் அதே போலீஸ்காரர் விசாரணை அதிகாரியோடு வார்டுக்கு வந்தார். இந்த முறை வலி குறைந்திருந்தது, தலை தெளிவாக இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். கண் இருட்டியது, வலிப்பு இருப்பது, உரிமம் எடுத்தபோது சொல்லாதது எல்லாவற்றையும் தம்பி தானாகவே சொன்னான். யாரும் ஒட்டுக்கேட்டு எடுத்த உண்மை அல்ல. அவன் யோசித்துக் கொடுத்த உண்மை. நீதிமன்றம் போனான், அபராதம் கட்டினான். உரிமம் போயிற்று. தொழிற்சாலை அவனை வேலையை விட்டு நீக்கவில்லை, இயந்திரப் பகுதியிலிருந்து கிடங்குக்கு மாற்றியது. இப்போது தொழிற்சாலைப் பேருந்தில் போய் வருகிறான். மருந்தை ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அம்மா முறுக்கும் அதிரசமும் செய்து கொடுத்து எங்களைப் பாக்சிக் வீட்டுக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். தம்பி மன்னிப்புக் கேட்டான். பாக்சிக் அவன் தோளைத் தட்டி உள்ளே அழைத்து லெமாங் வைத்தார். அவர் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்றிரவு திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. என்ன சொன்னான் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்."